மாருதி 800 முதல் கே10 வரை: சுசூகி எஞ்சின் எல்லாம் ஒன்றுதானா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பா ஓட்டும் 1997 மாருதி 800 இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 2008 வேகன் ஆர், 2012 ஆல்டோ கே10 இரண்டில் ஒன்றைப் பழைய வண்டியாக எடுக்க யோசிக்கிறார்கள். மெக்கானிக் அண்ணனிடம் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே சுசூகி எஞ்சின்தான் மக்கா, பெல்ட்டை எடுத்துட்டு செயின் போட்டிருக்கான், அவ்வளவுதான்" என்றாராம். அப்பாவோ, "இப்ப உள்ள வண்டி எதுவும் பேச்சிப்பாறை ரோட்டுல 800 மாதிரி இழுக்காது" என்கிறாராம். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

தம்பி, அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மெக்கானிக் சொல்வதில் கால்வாசி. அந்த 800-ம் வேகன் ஆரும் ஒரே குடும்பம், அதுவும் மிக நெருங்கிய உறவு. கே10 வேறு குடும்பம். நடுவில் இன்னொரு குடும்பமும் உண்டு. எஃப், ஜி, கே என்று மூன்று வரிசைகளாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளியும்.

அதற்கு முன்னால் கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, எங்கே இருக்கிறது என்பதைப் பேசியாக வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினிலும் பிரீமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சினிலும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் கிடக்கும். கேம் டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் நீளமான புஷ் ராடைத் தூக்கும், ராட் ராக்கரைத் தட்டும், ராக்கர் வால்வை அழுத்தும். வால்வு திரும்பி மூடும்போது இத்தனை இரும்பையும் ஒரே ஒரு ஸ்பிரிங் பின்னால் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் அதற்கு நேரம் தாராளமாக உண்டு. சுற்று ஏற ஏற ஸ்பிரிங் பின்தங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வால்வு கேமோடு ஒட்டாமல் மிதக்க ஆரம்பிக்கும். கேமையே ஹெட்டுக்கு மேலே கொண்டுபோனால் அந்த நீளமான ராட் தேவையில்லை. அசையும் எடை குறைகிறது, எஞ்சின் பயமில்லாமல் வேகமாகச் சுற்றும். இதனால் குறைந்த சுற்றில் இழுவை கூடிவிடும் என்று நினைக்கக் கூடாது. லாபமெல்லாம் மேல் சுற்றில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் புகாருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கேம் மேலே போனால், பிஸ்டன்கள் சுற்றும் அடித்தண்டான கிராங்கிலிருந்து அதைச் சுற்ற நீளமான இணைப்பு வேண்டும். பழைய வழி செயின். 1962-ல் ஜெர்மனியில் கிளாஸ் என்ற சின்ன நிறுவனம் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைக் கார் எஞ்சினில் போட்டு விற்றது. சத்தம் இல்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் குறைவு. எழுபதுகளில் பல கம்பெனிகள் அந்தப் பக்கம் போயின.

சுசூகி அந்த நேரத்தில் டூ ஸ்ட்ரோக் உலகத்தில் இருந்தது. ஜப்பானில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் டூ ஸ்ட்ரோக்கை வைத்துக் காலம் தள்ள முடியாது என்று ஆயிற்று. 1977 வாக்கில் தன் ஃபிரோன்டே காரின் ஒரு மாடலுக்குப் போட்டிக் கம்பெனியான டைஹாட்சுவிடமிருந்து ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கிப் போட்டது சுசூகி. பின்னால் கோடிக்கணக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் விற்ற கம்பெனி, ஆரம்பத்தில் இரவல் எஞ்சினில் ஓடியது. அதே 1977-ல் எல்ஜே80 ஜீப்பில் சொந்த எஞ்சின் வந்தது. எஃப்8ஏ, நான்கு சிலிண்டர், 797 சிசி, ஹெட்டில் ஒரே ஒரு கேம், சுற்றுவதற்குப் பெல்ட். எஃப் குடும்பம் தொடங்கியது அங்கேதான்.

உங்கள் வீட்டு 800-ல் இருப்பது எஃப்8பி. மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 265 சிசி சொச்சம், மூன்றுக்கும் சேர்த்து 796. ஜப்பானில் சின்னக் கார்களுக்கு அப்போது 550 சிசிதான் வரம்பு, அங்கே ஓடிய ஆல்டோவில் 543 சிசி எஃப்5ஏ இருந்தது. 796 சிசி வெளிநாட்டுச் சந்தைக்கு. 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தபோது அந்த எஞ்சின்தான் நம்மிடம் வந்தது.

இப்போது அதே 68.5 போரையும் 72 ஸ்ட்ரோக்கையும் வைத்து நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போடுங்கள். 1061 சிசி வரும். நீங்கள் பார்த்த 2008 வேகன் ஆரில் இருக்கும் எஃப்10டி அதுவேதான். அதாவது 800-ன் எஞ்சினோடு இன்னொரு சிலிண்டரைச் சேர்த்து, மேலே 16 வால்வு ஹெட்டை வைத்தது. முதல் ஜிப்ஸியிலும் மாருதி 1000-லும் இருந்த எஃப்10ஏ-வுக்கும் ஸ்ட்ரோக் அதே 72-தான், போரை மட்டும் 65.5 ஆகக் குறைத்து 970 சிசி ஆக்கியிருந்தார்கள். ஒரே அளவுகளைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கோர்த்துப் புது எஞ்சின் உண்டாக்குவது சுசூகியின் பழக்கம். மெக்கானிக் அண்ணனின் "எல்லாம் ஒன்றுதான்" என்பதற்கு இவ்வளவு தூரம் நியாயம் உண்டு.

எண்பதுகளில் அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்குகளுக்கு எஃப்8பி-யின் பெல்ட் சுலபத்தில் பிடிக்கவில்லை. எஞ்சினுக்குள் ரப்பரா என்று கேட்டார்கள். ஆனால் ஹெட்டைத் திறந்ததும் ராக்கரும் ஸ்க்ரூவும் கண்ணுக்கு நேரே இருந்தன. ஃபீலர் கேஜ் ஒன்றும் ஸ்பேனர் ஒன்றும் இருந்தால் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) முடிந்தது. பிளாக் வார்ப்பிரும்பு என்பதால் போர் தேய்ந்தால் லேத்துக்குக் கொண்டுபோய் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத் திரும்பவும் ஓட்டலாம். நாகர்கோவிலில் எஞ்சின் வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் இந்த எஞ்சினுக்குக் கடன்பட்டவர்கள் என்றே சொல்வேன். 1984-ல் வந்த ஆம்னியிலும் இதே எஞ்சினைத்தான் முன் சீட்டுக்குக் கீழே வைத்தார்கள். சித்திரை வெயிலில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் நெரிசலில் மாட்டி நின்ற ஆம்னி டிரைவருக்கு அந்தச் சூடு எங்கே ஏறும் என்று கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தும் கொளச்சல் மீனும் அருமனை ரப்பர் ஷீட்டும் சமையல் பாத்திரமும் கல்யாண வீட்டுக் கூட்டமும் இந்த 796 சிசி-யில்தான் போய் வந்தன.

சரி, அப்பாவின் புகாருக்கு வருவோம். 2000-ம் ஆண்டையொட்டி நம் நாட்டில் புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது. ஆல்டோவும் அப்போதுதான் வந்தது, அதன் எஞ்சின் எஃப்8டி. போர், ஸ்ட்ரோக், 796 சிசி எல்லாம் பழையபடியே, கேமும் ஒன்றுதான். ஆனால் வால்வு ஆறிலிருந்து பன்னிரண்டு ஆயிற்று. காற்று நுழையவும் புகை வெளியேறவும் சிலிண்டருக்கு இரண்டிரண்டு வாசல். எஃப்8பி சுமார் 37 குதிரைத்திறனை 5000 சுற்றில் கொடுத்தது. எஃப்8டி சுமார் 46 குதிரைத்திறனை 6200 சுற்றில் கொடுத்தது. ஒரே கொள்ளளவில் கால்வாசி அதிகம் என்றால் சின்ன விஷயமா? விளம்பரத்தில் போடுவது இந்த எண்ணைத்தான்.

இழுவை (டார்க்) எண்ணைப் பாருங்கள். எஃப்8பி-யில் 59 நியூட்டன் மீட்டர், 2500 சுற்றில். எஃப்8டி-யில் 62, 3000 சுற்றில். கூடியது மூன்றே மூன்று. அதுவும் 500 சுற்று தள்ளித்தான் கிடைக்கிறது. வேகமாகச் சுற்றும்போது கூடுதல் வாசல் உதவுகிறது. மெதுவாகச் சுற்றும்போது அதே வாசல்களில் காற்றின் ஓட்டம் தளர்ந்துவிடுகிறது. பேச்சிப்பாறைக்குப் போகும் ஏற்றத்திலும் கீரிப்பாறைப் பக்கத்து வளைவுகளிலும் யார் ஆறாயிரம் சுற்றில் ஓட்டுகிறார்கள்? செகண்ட் கியரில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றில் உருட்டிக்கொண்டு போவார்கள். அங்கே 800-தான் ராஜா. ஆல்டோவை முதல் கியருக்கு இறக்க வேண்டிய இடத்தில் 800 செகண்டிலேயே முக்கி ஏறிவிடும். வண்டியும் எடை குறைவு. உங்கள் அப்பா பக்கத்து வீட்டு ஆல்டோவை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லியிருந்தால், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஆரல்வாய்மொழியில் கதை தலைகீழ். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போனவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் நான்கு கியர் 800 டாப்பில் திணறும், தேர்டுக்கு மாற்றினால் அலறும். அங்கே மேல் சுற்றில் பலம் வைத்திருக்கும் 12 வால்வு ஆல்டோ ஐந்து கியரோடு சுளுவாகப் போய்விடும். எது நல்ல எஞ்சின் என்பது நீங்கள் எந்த ரோட்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாருதிக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 12 வால்வும் ஐந்து கியரும் வைத்து ஒரு 800 கொஞ்ச காலம் வந்து போனது. ஆனால் ஆறு வால்வு ஹெட்டுக்கு எம்பிஎஃப்ஐ பூட்டி 800-ஐ 2014 வரையும் ஆம்னியை 2019 வரையும் விற்றார்கள். சுமை ஏற்றுகிற வண்டிக்கு அந்தப் பழைய ஹெட்டே போதும் என்பது என் கட்சி.

ஜி குடும்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தேர்வில் அது இல்லை. 1983-ல் ஜப்பானில் கல்ட்டஸ் காரோடு வந்தது. இங்கே 1993-ல் ஜென்னில் 993 சிசி, 1994-ல் எஸ்டீமில் 1298 சிசி. அந்த 1298 சிசி எஞ்சினே 16 வால்வு ஹெட்டோடு 2005-ல் முதல் ஸ்விஃப்டிலும் வந்தது. இதிலும் ஒரே கேம், பெல்ட். பெரிய வித்தியாசம், பிளாக்கும் அலுமினியம். எடை குறைந்தது, ஜென் துள்ளி ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அலுமினியம் சூட்டை மன்னிக்காது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்.

அப்புறம் கே. 2008 நவம்பரில் ஏ-ஸ்டார் காரோடு கே10பி வந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், 12 வால்வு. போர் 73, ஸ்ட்ரோக் 79.5 மில்லிமீட்டர், எஃப்-ன் அளவு எதுவும் இதில் இல்லை. ஹெட்டில் ஒன்றுக்கு இரண்டு கேம், உள்வால்வுக்கு ஒன்று, வெளிவால்வுக்கு ஒன்று. ராக்கர் கிடையாது, கேம் நேராக டேப்பெட் குப்பியின் தலையில் அமர்ந்து அழுத்துகிறது. அசையும் எடை இன்னும் குறைந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். பெல்ட் போய்ச் செயின். சக்தி 67 குதிரைத்திறன் அளவில், இழுவை 90 நியூட்டன் மீட்டர், 3500 சுற்றில். 2010-ல் வேகன் ஆருக்கே இந்த எஞ்சினை மாற்றினார்கள். நான்கு சிலிண்டர் 1061 சிசி கொடுத்த 84 நியூட்டன் மீட்டரை, ஒரு சிலிண்டர் குறைந்த 998 சிசி தாண்டிவிட்டது. செயின் மாற்றியதால் மட்டும் இது வராது. போருக்கு மேல் ஸ்ட்ரோக்கை நீட்டியது, உள்ளே உராய்வைக் குறைத்தது, ஹெட்டைப் புதிதாக வரைந்தது எல்லாம் சேர்ந்த வேலை. மெக்கானிக் அண்ணனின் வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

அப்பாவின் வாதமும் இங்கே நிற்காது. 90 என்பது 3500 சுற்றில்தானே என்று அவர் கேட்கலாம். 2000 சுற்றில் அவ்வளவு வராதுதான், ஆனாலும் 800-ன் உச்சமான 59-ஐ விட மேலேயே இருக்கும். கே10-ஐ ஒருமுறை திருவட்டாரிலிருந்து பேச்சிப்பாறை வரை அவரையே ஓட்டச் சொல்லுங்கள். பேச்சு நின்றுவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. நம் பக்கம் டாக்ஸியாக ஓடிய ஸ்விஃப்ட் டிசையர் டீசலில் இருப்பது இந்த மூன்றில் எதுவும் இல்லை. 1248 சிசி, ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். அதிலும் செயின், இரட்டைக் கேம். சுசூகி உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. "சுசூகி டீசல்" என்று யாராவது புகழ்ந்தால் பாதிப் புகழை இத்தாலிக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி பராமரிப்பு. உங்கள் பணம் போவது இங்கேதான். பெல்ட் ரப்பர், அதற்கு வயது உண்டு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றினால் வேலை தீர்ந்தது. ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே கிடந்து குறைவாக ஓடிய வண்டி என்றால், கிலோமீட்டர் ஆகவில்லை என்று விடக் கூடாது, ரப்பர் நின்ற இடத்திலேயே காயும்.

செயினுக்கு அப்படி நாள் குறித்து மாற்ற வேண்டியதில்லை. அதனால் "செயின் எஞ்சின், ஆயுசுக்கும் கவலை இல்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. எண்ணெய் அழுக்கானால் கண்ணி தேய்ந்து செயின் நீளும், டென்ஷனர் அடைபடும். கூடவே ஒன்று: கே-யில் டேப்பெட் இடைவெளி பிசகினால் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்ய முடியாது, சரியான கனமுள்ள டேப்பெட்டைத் தேடிப் போட வேண்டும். பிளாக்கும் அலுமினியம் என்பதால் பழைய லேத் வைத்தியம் எல்லோரும் செய்வதில்லை. எஃப்-ல் பெல்ட்டுக்குக் கொடுத்த கவனத்தை கே-யில் எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெய், கையேட்டில் உள்ள தரத்திலேயே. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுக்கு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியாக இருந்தால் இன்னும் சீக்கிரமே மாற்றுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடாகாமலே நின்றுவிட்டால் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்திலும் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது. மலையோரக் கிணறு பரவாயில்லை என்பார்கள், முட்டம், கொளச்சல் பக்கத்துக் கிணற்றில் உப்பு சும்மா இருக்குமா? 800-ன் இரும்புப் பிளாக் துருப்பிடித்துக்கொண்டே ஓடித் தீர்க்கும். அலுமினியப் பிளாக்கில் உப்பு அரிக்கும். கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், கே10. ஏற்றத்துக்கும் சரி, நாகர்கோவில் போய்வரவும் சரி. பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும் நேரமாகப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று கேட்டு ஓரிரு நொடியில் நின்றால் பயமில்லை, எண்ணெய் டென்ஷனருக்கு ஏறும் நேரம் அது. சத்தம் தொடர்ந்தால் செயின் செட் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாகக் கோந்து படிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

வேகன் ஆர் மலிவாகக் கிடைத்து ஆசைப்பட்டால், பெல்ட் மாற்றிய பில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். அது 2008 வண்டி, 15 வருடம் தாண்டிவிட்டது. ஆர்சி புதுப்பித்தாயிற்றா, எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காலத்தில் இந்த வயது வண்டிகளின் பெட்ரோல் ஹோஸ்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும், வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் புதிது போடுங்கள். கே10-க்கும் இதே சோதனைதான்.

800-ஐ எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் இரும்பு விலைதான் போடுவார்கள். எஞ்சின் புகையாமல் ஓடுகிறது என்றால் நேரடியாகவே விற்றுப் பாருங்கள், மலையோரத்தில் அதைக் கேட்டு வாங்க இன்னும் ஆள் இருக்கிறது.